மசக்கை என்று வாளா இருக்கலாமா?

கருவுற்ற பெண்ணுக்குக் குமட்டலும் வாந்தியும் உண்டாவது யாவரும் அறிந்ததே. நமது வீடுகளில் அதனை மசக்கை என்கிறோம். பண்டைத் தமிழர், கருவுற்றாளின் வேட்கையையும் வருத்தத்தையும் வயா என்றும் வயவு என்றும் வழங்கினர். குறுந்தொகையில் முதற்சூல் கொண்ட மகளிர் புளியை விரும்புவது பேசப்படுகிறது. புறநானூற்றின் 20-ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் என்னும் புலவர் சேர மன்னனைப் புகழும்போது, கருவுற்ற மகளிர் மண்ணை விரும்பி உண்ணும் வழக்கத்தையும் எடுத்தாளுகிறார். ஆகவே மசக்கை நமக்குப் புதிதன்று. பழகிப்போன ஒன்றாதலாலேயே அதனை யாரும் பெரிதாகக் கருதுவதில்லை.

பெரும்பாலான பெண்களுக்கு அவ்வாறு கருதுவது தவறுமன்று. நூறு கர்ப்பிணிகளில் எழுபது பேருக்கு மேல் குமட்டலையோ வாந்தியையோ அனுபவிக்கின்றனர். சில வாரங்களில் அது தானே தணிகிறது. ஆனால் அந்த நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் முதல் மூவர் வரை வேறொரு நிலையை அடைகின்றனர். அவர்கள் வயிற்றில் சோறு மட்டுமன்று, தண்ணீரும் தங்குவதில்லை. உடல் வற்றுகிறது, எடை குறைகிறது, எழுந்து நிற்கவும் இயலாமற் போகிறது. இது மசக்கையன்று, நோய். மருத்துவர்கள் இதனைக் கர்ப்பகால மிகைவாந்தி என்பர். தக்க சமயத்தில் மருத்துவம் செய்தால் தாயும் சேயும் நலம் பெறுவர். வாளா இருந்தால் தாயின் உயிருக்கே இடையூறு நேரும்.

கடன், வட்டி, தவணை, நூல், கூலி ஆகியவற்றைப் பேசும் இவ்விதழில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். நாம் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும்போது தவணை தவறிய கடன்களுக்குக் காரணம் கேட்பது வழக்கம். மழை பொய்த்தது, விலை வீழ்ந்தது என்ற விடைகளுக்கு அடுத்தபடியாக நாம் கேட்பது, வீட்டில் நோய் என்பதே. கைத்தறி ஒருவர் தொழிலன்று. தறியில் கணவன் அமர்ந்தால் தார் சுற்றித் தருபவள் மனைவி. இப்பக்கத்தார் மல்லாட்டை என்னும் நிலக்கடலையைக் களையெடுப்பதும், பிடுங்கிய செடியிலிருந்து காய் ஆய்வதும் பெரும்பாலும் பெண்களே. அவள் படுத்தால் தறியும் நிற்கும், நிலமும் காத்திருக்கும். ஆதலின் இது வீட்டு விஷயம் மட்டுமன்று, சங்கத்தின் விஷயமுமாகும்.

அடி அண்ணாமலையில் கேட்டது

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலையின் மேற்புறத்தே அடி அண்ணாமலை அமைந்துள்ளது. அவ்வூரில் கடலைச் சாகுபடிக்குக் கடன் பெற்ற ஓர் அங்கத்தினர் தவணை தவறியதன் காரணத்தை நம்மிடம் கூறினார். அவருடைய மருமகள் கருவுற்று ஒன்பதாம் வாரம் முதல் இடைவிடாது வாந்தியெடுத்தாள். “நாங்களெல்லாம் வாந்தி எடுக்காமலா பிள்ளை பெற்றோம்?” என்றார் மாமியார். அவர் சொன்னதில் கொடுமையில்லை. தாம் பட்டதைக் கொண்டு பிறர் படுவதை அளந்தார், அவ்வளவே. ஐந்து நாட்கள் இவ்வாறு கழிந்தன. ஆறாம் நாள் பௌர்ணமி. பதினான்கு கிலோமீட்டர் சுற்றுள்ள அப்பாதை முழுதும் பக்தர் வெள்ளம், வாகனங்களுக்குக் கட்டுப்பாடு. கூட்டம் வடிந்தபின் பார்க்கலாம் என்று மேலும் இரண்டு நாட்கள் காத்திருந்தனர். எட்டாம் நாள் அப்பெண் எழுந்து நிற்கையில் மயங்கி வீழ்ந்தபிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர்.

நான்கு நாட்களில் தேறி வீடு திரும்பினாள். பின்னர் நலமாகப் பிள்ளையும் பெற்றாள். ஆனால் அந்த எட்டு நாட்களில் முதல் இரண்டு நாட்களுக்குள் சென்றிருந்தால் மயக்கமும் இல்லை, அத்தனை செலவும் இல்லை. அக்குடும்பத்துக்கு அன்பும் குறைவில்லை, பொருளும் அறவே இல்லாமற் போகவில்லை. மசக்கை எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை; குறை அது ஒன்றே. அந்த எல்லையை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைக்கோடு எது?

மசக்கை பெரும்பாலும் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையே தொடங்கி, ஒன்பதாம் வாரத்தையொட்டி உச்சமடைந்து, பதினாறாம் வாரம் முதல் இருபதாம் வாரத்துக்குள் தணியும். வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல்நாள் தொட்டு எண்ண வேண்டும். இடையில் வாந்தி இருந்தாலும், ஒருத்தி சிறிதளவேனும் உண்டு, நீர் பருகி, வழக்கம்போல் சிறுநீர் கழித்து வருவாளானால் அச்சமில்லை.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

1. ஒரு பகலும் ஓர் இரவும் உண்ட உணவோ பருகிய நீரோ வயிற்றில் தங்காமை.

2. எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாமை, அல்லது சிறுநீர் மிகக் கருத்த மஞ்சளாகக் கழிதல்.

3. எழுந்து நின்றால் தலைசுற்றல், மயக்கம், மிகுந்த தளர்ச்சி.

4. கருவுறுமுன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைதல். ஐம்பது கிலோ எடையுள்ளவளுக்கு இது இரண்டரைக் கிலோ.

5. வாந்தியில் இரத்தம், வயிற்றுவலி, காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், கண்ணில் மஞ்சள் நிறம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று.

6. பார்வை இரண்டாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், பேச்சில் தடுமாற்றம். இவை மிகவும் ஆபத்தானவை. காரணம் பின்னர்க் கூறுவோம்.

ஒன்பது, பத்து வாரங்கள் வரை யாதொரு குமட்டலுமின்றி இருந்து, அதன்பின் புதிதாக வாந்தி தொடங்குமானால் அதற்குக் காரணம் வேறாக இருத்தல் கூடும். மஞ்சட்காமாலை, சிறுநீர்த் தாரையில் கிருமி, தைராய்டு சுரப்பியின் கோளாறு ஆகியவை வாந்தியை உண்டாக்கும். இரட்டைக் கரு இருப்பினும் வாந்தி மிகலாம். கருவுக்குப் பதிலாகத் திராட்சைக் குலை போன்ற திசு வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் வாந்தி கடுமையாகும். ஆதலால் இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளையும் ஸ்கேன் பரிசோதனையையும் வீண்செலவென்று எண்ணலாகாது.

நாம் கணக்குப் பார்ப்பவர். ஆகவே ஒரு கணக்கு யோசனையும் சொல்லுவோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் கோடிடுக. முதற் பத்தியில் பருகிய நீர் எத்தனை தம்ளர். இரண்டாவதில் எத்தனை முறை வாந்தி. மூன்றாவதில் எத்தனை முறை சிறுநீர். வாரம் ஒருமுறை எடையையும் குறித்து வருக. அங்கன்வாடியிலோ துணைச் சுகாதார நிலையத்திலோ எடை பார்க்கலாம். அவை தொலைவாயின் சங்கக் கிடங்கின் தராசும் உதவும். வரவு குறைந்து செலவு மிகுந்தால் எந்தச் சங்கமும் நிலைக்காது, உடலும் அவ்வாறே. இந்நோட்டுப் புத்தகத்தை மருத்துவரிடம் காட்டினால், “ரொம்ப வாந்திங்க ஐயா” என்று சொல்லுவதைக் காட்டிலும் அவருக்குப் பன்மடங்கு பயன்படும்.

காரணம் என்ன?

இந்நோயினர் நெடுங்காலம் நோயோடு பழியையும் சுமந்தனர். பெண்ணுக்குப் பிள்ளைமீது விருப்பமில்லை, கணவன்மீது வெறுப்பு, மனம் பலவீனம் என்றெல்லாம் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர்களே எழுதினர். நமது ஊர்களில் செல்லம், சோம்பல், வேலைக்குச் சாக்கு என்பர். இவை யாவும் தவறு என்பது இப்போது தெளிவாகியுள்ளது.

அமெரிக்காவில் மார்லினா ஃபெய்சோ என்னும் பெண் விஞ்ஞானி 1999-ஆம் ஆண்டில் கருவுற்றபோது இந்நோயால் மிகவும் வருந்தித் தம் கருவை இழந்தார். அன்று அவர் துன்பத்தை மருத்துவரே நம்பவில்லை. அதன்பின் அவர் தம் ஆராய்ச்சியையே இந்நோயின்பால் திருப்பினார். அவரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஸ்டீஃபன் ஓராஹிலியும் மற்றும் பலரும் சேர்ந்து கண்ட முடிவு, 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் வெளியாயிற்று. கருவும் நஞ்சும் சேர்ந்த பகுதியில் ஜி.டி.எஃப். 15 என்னும் சுரப்பு மிகுதியாக உண்டாகித் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. அது பின்மூளையிற் சென்று குமட்டலை எழுப்புகிறது. கருவுறுமுன் எவளுடைய இரத்தத்தில் இச்சுரப்பு குறைவாக இருந்ததோ, அவளுக்கு அதன் திடீர்ப் பெருக்கைத் தாங்கும் பழக்கம் இல்லை. ஆகவே அவள் கடுமையாக வருந்துகிறாள்.

இதற்கு ஒரு சான்று நமக்கு அண்மையிலுள்ள இலங்கையிலிருந்து கிடைத்தது. தலசீமியா என்னும் இரத்த நோயுள்ள பெண்களுக்கு இச்சுரப்பு இயல்பாகவே எப்போதும் மிகுதி. அத்தகைய தாய்மாரைக் கேட்டபோது, மற்றவரைவிட மிகச் சிலரே மசக்கையால் வருந்தினர் என்பது தெரியவந்தது. காரம் பழகிய நாவுக்கு மிளகாய் உறைக்காததுபோல் இதனைக் கொள்ளலாம். ஆகவே இந்நோய் உடலின் அமைப்பைப் பொறுத்தது. மனத்தின் உறுதியைப் பொறுத்ததன்று.

நோய் குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. தாய் இந்நோயால் வருந்தியிருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று நார்வே நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2010-இல் கண்டனர். முதற் கர்ப்பத்தில் கண்டவளுக்கு மறு கர்ப்பத்திலும் வருதல் மிகுதி. ஆகவே அத்தகையோர் அடுத்த முறை கருவுற்ற உடனேயே மருத்துவரிடம் முன்கதையைச் சொல்லிவைப்பது நலம். இதில் ஏழை செல்வர் என்ற வேற்றுமையும் இல்லை. இங்கிலாந்தின் இளவரசி கேத்தரின் 2012 டிசம்பரில் இந்நோய் காரணமாகவே லண்டன் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். அவருக்கு மூன்று கர்ப்பங்களிலும் இது வந்தது.

வீட்டிலே செய்யத்தக்கவை

மசக்கை அளவோடு இருக்கும்போது வீட்டுப் பக்குவமே போதும். வயிறு வெறுமையாக இருந்தாலும் குமட்டும், நிறைந்தாலும் குமட்டும். ஆகவே மூன்று வேளை உணவை ஆறேழு சிறு வேளைகளாகப் பிரித்து இரண்டு மணிக்கொருமுறை சிறிது கொடுக்க வேண்டும். காலையில் எழுமுன்னரே பொரியோ ரொட்டித் துண்டோ சிறிது மென்று, கால் மணி நேரம் சென்றபின் மெல்ல எழுதல் நன்று. சோற்றோடு நீரை மிகுதியாகப் பருகாமல் இடையிடையே மடக்கு மடக்காகப் பருகலாம். நீராகாரம், உப்பிட்ட கஞ்சித் தெளிவு, மோர், இளநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். நீர் ஆகியவற்றுள் எது தங்குகிறதோ அதுவே அவளுக்கு அன்றைய மருந்து. இஞ்சி சிலருக்கு உதவும். கடுமையான வாந்தியை அதனால் மட்டும் நிறுத்த இயலாது.

சூடான உணவைவிட ஆறிய உணவில் மணம் குறைவு. ஆதலால் அது எளிதில் இறங்கும். தாளிக்கும் மணம், அரிசி கொதிக்கும் மணம், மாட்டுத் தொழுவத்தின் நாற்றம் ஆகியவற்றிலிருந்து அவளை விலக்குக. நெசவாளர் வீடுகளில் பாவுக்குப் போடும் கஞ்சியும் சாயப்பட்டறையின் ஆவியும் குமட்டலைத் தூண்டும். தறிக்கூடத்திலேயே சமைத்து, அங்கேயே உறங்கும் சிறு வீடுகளில் இதற்கு இடம் ஏது என்று கேட்பர். அவள் படுக்கையைத் தெருத்திண்ணைக்கோ காற்றோட்டமுள்ள பக்கத்து வீட்டுக்கோ சில வாரம் மாற்றுவது இயலாத காரியமன்று. பயிருக்குப் பூச்சிமருந்து கலப்பதும் தெளிப்பதும் கர்ப்பிணி செய்யவே கூடாதவை.

சத்து, சத்து என்று அவளை வற்புறுத்தி ஊட்டுவது வேண்டா. முதல் மாதங்களில் கரு மிகச் சிறிது. எது தங்குகிறதோ அதைத் தின்றாற் போதும். போலிக் அமில மாத்திரையை இயன்றவரை விடாது கொடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலை மிகுவித்தால், தானே நிறுத்திவிடாமல் செவிலியரிடம் சொல்லி அவர் சொற்படி செய்க. மண், சாம்பல், பச்சரிசி இவற்றைத் தின்னும் ஆசை எழுந்தால் அதையும் மறையாது சொல்ல வேண்டும். புலவர் பாடிய அவ்வேட்கை பெரும்பாலும் இரத்தச் சோகையோடு சேர்ந்தே வருவது.

முதற் கர்ப்பத்தில் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். ஓய்வு கிடைக்குமாதலின் நல்லதே. ஆனால் கர்ப்பப் பதிவு அட்டையையும் பதிவெண்ணையும் உடன் அனுப்ப வேண்டும். இரு ஊர்களின் கிராம சுகாதார செவிலியர்க்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் புகுந்த ஊர்ச் செவிலியர் அவள் தாய் வீட்டில் இருக்கிறாள் என்றும், தாய் வீட்டு ஊர்ச் செவிலியர் அவள் தம் பொறுப்பல்லள் என்றும் இருந்துவிடுவர்.

‘குளுக்கோஸ் ஏற்றுதல்’ குறித்து ஓர் எச்சரிக்கை

இக்கட்டுரையில் நாம் முக்கியமாகக் கருதுவது இப்பகுதியே. நமது ஊர்களில் யார் தளர்ந்தாலும், “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் சரியாகும்” என்பர். பல நாள் வாந்தியெடுத்த கர்ப்பிணிக்கு இது நேர்மாறான விளைவைத் தரக்கூடும்.

உடல் சர்க்கரையை எரித்துச் சக்தியாக்குவதற்குத் தையமின் என்னும் பி1 வைட்டமின் தேவை. இதனை உடல் மிகுதியாகச் சேமித்து வைப்பதில்லை. இருப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். தையமின் தீர்ந்த உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், எஞ்சிய சிறிதளவும் செலவாகி மூளை பாதிக்கப்படும். கண்விழி நிலைகொள்ளாது துடிக்கும், பார்வை இரண்டாகும், நடை தள்ளாடும், சித்தம் கலங்கும். இதனை 1881-ஆம் ஆண்டில் கார்ல் வெர்னிக்கி என்னும் ஜெர்மானிய மருத்துவர் முதலில் விவரித்தார். அவர் கண்ட மூன்று நோயாளிகளில் ஒருத்தி இருபது வயதுத் தையற்காரப் பெண். திராவகம் அருந்தியபின் ஓயாது வாந்தியெடுத்து இந்நிலையை அடைந்தவள். காரணம் தையமின் குறைவு என்பது அவர் காலத்தில் தெரியாது.

அதைத் தெரியச் செய்த வரலாற்றில் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்புண்டு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் 1886-இல் பிறந்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிலிப்பைன்ஸ் தீவில் பணிபுரிந்தபோது, தீட்டிய அரிசியையே உண்ணும் தாய்மாரின் குழந்தைகள் பெரிபெரி நோயால் மடிவதையும், தவிட்டுச் சாறு அவர்களைப் பிழைப்பிப்பதையும் கண்டார். தவிட்டிலுள்ள அப்பொருளைத் தேடிப் பல ஆண்டு உழைத்து 1936-இல் தையமினைச் செயற்கையாகச் செய்து முடித்தார். இன்று அது மிக மலிவான மருந்து. புழுங்கலரிசியிலும் நம் மல்லாட்டையிலும் தையமின் உண்டு. ஆனால் உண்டது தங்காதவளுக்கு அவை பயன்படா, ஊசியே வேண்டும்.

ஆகவே உறவினர் செய்ய வேண்டுவது இது. மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, எத்தனை நாட்களாக வாந்தி, எத்தனை நாட்களாக உணவில்லை என்பதைச் சொல்லுக. “பி1 ஊசி போட்டாயிற்றா?” என்று பணிவோடு கேட்க. இவ்வாறு கேட்பதை நல்ல மருத்துவர் குற்றமாகக் கொள்ளார். குளுக்கோஸ் பாட்டில் வேண்டும் என்று நாமே வற்புறுத்துவதை விட்டுவிடுக. இந்நோயில் முதலில் தேவைப்படுவது உப்பு நீராகிய சலைன். இரத்தப் பரிசோதனைக்கேற்ப அதனோடு பொட்டாசியம் சேர்ப்பர். தையமினைக் கொடுத்த பின்னரே, தேவையானால் குளுக்கோஸ் கொடுப்பர். சலைனோடு வாந்தியை அடக்கும் ஊசியும் சேருமாயின், இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலோர் எழுந்து அமர்வர். சிலருக்கு மறுபடியும் வாந்தி மிகுந்து மறுமுறை சேர நேரலாம். அதனால் முதல் மருத்துவம் வீணாயிற்று என்று மனந்தளர வேண்டா.

மருந்துக்கு அஞ்சுதல்

கர்ப்பிணிக்கு எந்த மருந்தும் ஆகாது என்னும் அச்சம் வெறும் மூடநம்பிக்கையன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1957-இல் தாலிடோமைட் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் உறக்கமின்மைக்கும் அதனை உண்டனர். கைகால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961 நவம்பரில் அங்கே அம்மருந்து விலக்கப்பட்டது. அதன்பிறகே மருந்துகளைச் சோதித்து அனுமதிக்கும் சட்டங்கள் பல நாடுகளில் கடுமையாயின.

அந்த அச்சம் பின்னர் நல்ல மருந்தையும் விரட்டிற்று. டாக்ஸிலமீனும் பி6 வைட்டமினும் சேர்ந்த ஒரு மாத்திரை அமெரிக்காவில் பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குப் பயன்பட்டு வந்தது. அதன்மீது வழக்குகள் குவியவே, உற்பத்தி செய்த நிறுவனம் 1983-இல் அதனை நிறுத்திக்கொண்டது. நிறுத்தியபின் குழந்தைகளின் ஊனம் குறையவில்லை. வாந்திக்காக மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகளின் தொகைதான் மிகுந்தது. மேலும் ஆராய்ந்து அது தீங்கற்றது என்று தெளிந்து, 2013-இல் அமெரிக்க மருந்து ஆணையம் அதே கலவைக்கு மீண்டும் அனுமதி வழங்கியது. அம்மாத்திரை இந்தியாவிலும் கிடைக்கிறது. சிறிது உறக்கம் வரச் செய்யும். மருத்துவர் எழுதித் தர, அவர் சொன்ன அளவில் உண்ண வேண்டும். கடைக்காரர் எடுத்துத் தருவதையும், உள்ளிருப்பது இன்னதென்று தெரியாத பொடி, பஸ்மங்களையும் உண்ணலாகாது.

அரசாங்க உதவி

1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாட்டில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடைபெறுகிறது. 2018 முதல் இதன் மதிப்பு, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்ந்து 18,000 ரூபாய். இதனைப் பெறப் பன்னிரண்டு வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாந்தி உச்சத்தில் இருக்கும் காலமும் இதுவே. படுத்திருப்பவள் தேறட்டும், பிறகு பதியலாம் என்று தள்ளிப்போட்டால் உதவி கைநழுவும். கணவரோ மாமியாரோ கிராம சுகாதார செவிலியரை உடனே காண வேண்டும். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013 முதல் நடந்து வருகிறது. அதன் மருத்துவமனையில் கட்டணமின்றி இந்நோய்க்குச் சிகிச்சை பெறலாம். ஆம்புலன்சுக்கு 108, ஆலோசனைக்கு 104.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சம்பளம் பெறும் பெண்களுக்கு, கர்ப்பத்தால் விளையும் நோய்க்காக ஒரு மாதம் வரை கூடுதல் விடுப்பு அளிக்க 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகை செய்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அவ்விதி உள்ளது. ஆனால் வீட்டில் தார் சுற்றுபவளுக்கும் சொந்த நிலத்தில் களையெடுப்பவளுக்கும் விடுப்புத் தர முதலாளி எவரும் இல்லை. அவர்களுக்குத் துணை நிற்கக்கூடிய ஸ்தாபனம் அவர்களது சங்கமே. ஆகவே சங்க நிர்வாகிகளின் கவனத்துக்குச் சிலவற்றைக் கூறுகிறோம்.

கர்ப்பிணி நோயுற்ற வீட்டில் தறி நின்றால், நூல் வாங்கித் துணி தரத் தாமதிப்போர் பட்டியலில் அவ்வங்கத்தினரைச் சேர்க்குமுன் காரணம் விசாரிக்க வேண்டும். தார் சுற்றுவதை அண்டை வீட்டார் சில வாரங்கள் முறைவைத்துச் செய்து கொடுக்கலாம், களையெடுப்பிலும் இவ்வாறே. மருத்துவச் செலவுக்காகத் தனியாரிடம் நகையை அடகு வைக்குமுன், சங்கத்து நகைக்கடனைப் பற்றி அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின், பொதுநல நிதியிலிருந்து பயணச் செலவுக்குச் சிறு தொகை அளிக்க நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம்.

கிரிவலப் பாதையிலுள்ள ஊர்கள் பௌர்ணமியையும் கார்த்திகைத் தீபத்தையும் முன்கூட்டியே நினைக்க வேண்டும். கர்ப்பிணி தளர்ந்திருந்தால் கூட்டம் சேருமுன்னரே அவளை மருத்துவரிடம் காட்டிவிடுக. அன்று திடீரென மிகுந்தால் காத்திராமல் 108-ஐ அழைத்து, பாதுகாப்புக்கு நிற்கும் காவலரிடமும் சொல்லுக. நோயாளி வண்டிக்கு வழிவிட மறுக்கும் பக்தர் எவரும் இரார். மேலே கூறிய ஆறு அறிகுறிகளையும் இரு தொலைபேசி எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தால், அதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் சிறிது பசையுமே.

இறுதியாக ஒன்று. இந்நோயின் காலம் பெரும்பாலோர்க்குப் பதினைந்து வாரம். ஏறக்குறைய கடலை விதைத்துப் பிடுங்கும் காலம். சிலருக்கு மட்டுமே அது பேறுகாலம் வரை நீளும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது சிறிது. நாள் முழுதும் குமட்டலோடு கிடப்பவளுக்கு அது முடிவற்றதாகத் தோன்றும்; விரும்பிய கருவையே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு மனம் உடைந்தவர்களும் உண்டு. அப்போது அவளிடம், “எல்லாரும் பட்டதுதானே” என்று சொல்ல வேண்டா. “இது நோய்தான் அம்மா, மருந்து உண்டு, நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லுங்கள். சொல்லியபின், மேலே கூறிய எல்லையைத் தாண்டியிருக்கிறாளா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் மறுநாள் விடியட்டும் என்று காத்திராமல், அன்றே வண்டிக்குச் சொல்லுங்கள்.